எங்க அண்ணியோட புங்கா கந்தான் பூத்துடுச்சு!

இன்னைக்கு காலைல எங்க லைன் வீட்டுக்குப் பின்னாடி ஒரே கூட்டம்!

கல்யாணமும் இல்ல, சண்டையும் இல்ல. எல்லாம் ஒரு பூவைப் பார்க்க!

எங்க ரீத்தா அண்ணி நட்ட புங்கா கந்தான் பூத்திருக்கு. (இஞ்சி ஜாதிச் செடி. லக்சா நூடுல்ஸ் சூப்புல வாசனைக்கு நறுக்கிப் போடுவாங்களே, அந்த மொட்டுதான். பறிக்காம விட்டா மெழுகுல செஞ்ச மாதிரி ரோஸ் கலர்ல விரியும்!)

அண்ணிக்கு ஊரு பந்திங். நல்ல வெயில் ஊரு. எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு மலை மேல இருக்கிற எங்க ரிங்லெட்டுக்கு வந்தப்ப, அவங்க அப்பா வீட்டுத் தோட்டத்துல இருந்து ஒரு கிழங்கைப் பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்தாங்க.

பக்கத்து வீட்டு சூசை மாமா பார்த்த உடனே சொல்லிட்டாரு. "இந்தக் குளிருக்கு இது வராதுலா. சும்மா மெனக்கெடாத."

"பார்க்கலாம் மாமா."

அவ்ளோதான் பதில். (அண்ணி அதிகம் பேச மாட்டாங்க. அவங்களுக்கும் சேர்த்து நான் பேசிக்கிறேன்!)

முதல்ல வாசல் பக்கம் நட்டாங்க. மலைக்காத்து அடிச்சு இலையெல்லாம் நாரு நாரா கிழிஞ்சு போச்சு. நானா இருந்தா அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பேன்.

அண்ணி தோண்டி எடுத்து, அழுகின பக்கத்தை வெட்டிட்டு, அடுப்படிச் சுவர் ஓரமா மாத்தி நட்டாங்க. அங்க வெயில் படும், காத்து படாது. மழைத்தண்ணி தேங்காம மண்ணை மேடு கட்டி, காய்ஞ்ச இலையை மேல மெத்தை மாதிரி போட்டாங்க.

எங்க அண்ணன் திரிங்காப் ஊருல காய்கறி லோரி ஓட்டுறான். அங்க காய்கறித் தோட்டத்துல கழிச்சுப் போட்ட பழைய பிளாஸ்டிக் கூரைத்துணியை அவனைக் கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லி, அண்ணி செடிக்கு ஒரு மறைப்பும் கட்டிட்டாங்க.

அண்ணன் புலம்புனான்: "எனக்குக்கூட இவ்ளோ கவனிப்பு இல்லலா!"

செடி கூரை உசரத்துக்கு வளர்ந்துச்சு. ஆனா பூ மட்டும் வரல.

போன வருஷம் ஒரு நாள், இலையே இல்லாத ஒரே ஒரு தண்டு தரையில இருந்து தனியா முளைச்சு வந்துச்சு. நுனியில மொட்டு! அண்ணி தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பார்த்துட்டுதான் போவாங்க.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை.

ஒரு நாள் அண்ணி தேயிலை பேக்டரியில இருந்து வீட்டுக்கு வந்தா, எங்க அம்மா சிரிச்ச முகமா நிக்கிறாங்க.

"ரீத்தா, உன் செடியில மொட்டு வந்திருந்துச்சும்மா! வெட்டி லக்சாவுல போட்டுட்டேன். வாசனையைப் பாரு!"

நான் அண்ணனைப் பார்க்கிறேன். அண்ணன் மோட்டுவளையைப் பார்க்கிறான்.

அண்ணி பின்னாடி போய் வெட்டின தண்டைப் பார்த்தாங்க. திரும்பி வந்து கையைக் கழுவிட்டு உட்கார்ந்தாங்க.

"ஒரு கிண்ணம் குடுங்க அத்தை."

முழுசா சாப்பிட்டாங்க. "நல்லா இருக்கு அத்தை."

(நானா இருந்தா ஒரு மாசத்துக்குக் கதவை டமால் டமால்னு சாத்தியிருப்பேன்!)

அண்ணி அந்தப் பூ விரியத்தான் காத்திருந்தாங்கன்னு அம்மாவுக்கு அப்புறம் அண்ணன்தான் சொன்னான். பாவம், அம்மா அழுதுட்டாங்க. "என்னைத் திட்டியிருக்கக் கூடாதாம்மா?"

"திட்டினா மொட்டு ஒட்டிக்குமா அத்தை? கிழங்கு உயிரோடதான் இருக்கு. இன்னொண்ணு வரும்."

அதுக்கப்புறம் அரிசி கழுவின தண்ணியெல்லாம் அம்மா கையால அந்தச் செடிக்குத்தான் போச்சு.

இன்னொண்ணு வந்தே வந்துடுச்சு! இன்னைக்கு விரிஞ்சிருக்கு!

சூசை மாமா சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "நான் தோத்துட்டேன்லா"ன்னு சொல்லி செல்ஃபி எடுத்துக்கிட்டாரு.

கூட்டம் கலைஞ்ச பிறகு அண்ணி அவங்க அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாங்க. போனைப் பூ பக்கம் திருப்பி, "அப்பா, பாருங்க, நம்ம வீட்டுக் கிழங்கு!"ன்னாங்க.

அவரு ஒரு நிமிஷம் பார்த்தாரு.

"பூ நல்லாருக்கும்மா. போனைத் திருப்பு, உன் முகத்தைப் பார்க்கணும்."

மொட்டை வெட்டினப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத எங்க அண்ணி, அப்பதான் அழுதாங்க.

நான் அது வரைக்கும் வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். நிறுத்திட்டேன்.

அதனால மக்களே, இங்க போட்டோ மட்டும்தான். பூவைப் பார்த்துக்குங்க!