தோல் வாசர்

என் கணவருக்கு இரண்டு காதல்கள். ஒன்று, குடும்பத்தின் தோல் வியாபாரம். இன்னொன்று, டர்போ வைத்து முறுக்கேற்றிய அவருடைய கார். மூன்றாவதாக நான் எங்கேயாவது இருப்பேன், தேடிப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் காரின் ரேடியேட்டர் மூடியில் ரப்பர் வாசர் பிய்ந்துவிட்டது. புது மூடி வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் தோல் வியாபாரி போய் ரப்பர் வாங்குவதா? மானம் என்ன ஆவது? குடோனிலிருந்து எருமைத் தோலை வட்டமாக வெட்டி மாட்டினார்.

"ரப்பர் ஒரு வருஷந்தான். நம்ம தோலு ஆயுசுக்கும் கெடக்கும்."

"என்னங்க, சூட்டுல தோலு சுருங்கிரும். பிரஷர் நிக்காது. பிரஷர் இல்லேன்னா தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். குக்கர்ல கேஸ்கட் போனா என்னாகுது?"

"கார் வேற, குக்கர் வேற. நீ போயி வெஞ்சனத்தப் பாரு."

நான் படித்தது முதுகலை இயற்பியல். அடுப்பிலிருந்த வெஞ்சனத்தைப் பார்த்தேன்.

மறுவாரம் பழனிப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் நேர்காணல், காலை பத்து மணிக்கு. பிள்ளைகள் வளரட்டும் என்று ஏழு வருடம் தள்ளிப்போட்ட ஆசை. பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

"இம்புட்டு பெரிய கார வச்சுக்கிட்டு பஸ்ஸா?" என்று கோபித்துக்கொண்டார்.

ஒட்டன்சத்திரம் வரை பறந்தோம். மார்க்கெட் லாரிகளின் நெரிசலில் நின்றதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. இவர் இறங்கி மூடியைத் திருகப் போக, முருங்கைக்காய் வேன்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"ஏனுங்க, சூட்டோட தொறக்காதீங்க! மொகம் வெந்துருமுங்க."

"செத்த நேரம் பொறு, ஆறிரும்" என்றார் இவர். அதை நம்பி நின்ற என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது, தோல் வற்றலாகச் சுருங்கிக் கிடந்தது.

"பாத்தியா, கிழியவே இல்ல!" என்று தூக்கிக் காட்டினார்.

நான் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் முடிந்திருந்தது. அடுத்த வருடம் பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

கல்லூரி வாசலில் நின்றபோது போன் வந்தது.

"கடையில புது மூடி வாங்கிப் போட்டாச்சு. ஐஸ் மாதிரி ஓடுது. கூட்டிட்டுப் போக வரவா?"

அழுவதை அவர் கேட்க வேண்டாம் என்று குரலைச் சரிசெய்துகொண்டேன்.

"வேணாம். பஸ்ல வாரேன்."