அம்மா இறங்கிய ஸ்டேஷன்

"ஈப்போவுலேர்ந்து பிரிக்பீல்ட்ஸுக்குச் சைக்கிளா? பொம்பளப் புள்ளையால முடியாது லா!" என்று சிரித்தார் மாமா.

இன்று நான் பாடம் நடத்தும் வகுப்பறைக்கு வெளியே ரயில் கூவியதும், பல வருஷத்துக்கு முந்தைய அந்தப் பயணம் நினைவுக்கு வந்தது. அண்ணன் என்னோடு மிதித்தான். அம்மா சோற்றுத் தூக்கோடு ரயிலில் முன்னே போய் ஒவ்வொரு ஊரிலும் காத்திருந்தாள். கடைசி நாள் ரவாங்கில் அவளைக் காணோம். ஸ்டேஷன் பலகையில் தமிழிலும் பெயர் இருந்தது. அதை வாசிக்கத் தெரியாமல் முந்தைய ஸ்டேஷனான செரண்டாவிலேயே இறங்கிவிட்டாள்.

நான் காத்திருக்காமல் மிதித்து வந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் பூமாலை வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வந்தவள், "பசியோடவா வந்தே? சோறு ஊசிப்போச்சுடி" என்று அழுதாள்.

வீட்டில் முதலில் படித்தவள் நான். அதன் பிறகும் அவளுக்கு ஓர் எழுத்துக்கூடச் சொல்லித்தரவில்லை.

பள்ளி விட்டதும் சிலேட்டு வாங்கி வந்தேன். "இந்த வயசுல எனக்கெதுக்குடி?" என்றாள். அவள் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்துவிட்டேன்.