பாதியில் திரும்பிய விமானம்

என் அக்கா வீட்டுக்காரர் போர் விமானி. வீட்டில் பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். வானத்தில் மட்டும் அவரை அசைக்க ஆள் இல்லை என்பார்கள். போர் மூண்டபோது நான் அவர்கள் வீட்டில் தங்கி மருந்துக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவருடைய படைப்பிரிவில் ஒரு வழக்கம். புதிதாக வரும் விமானி முதல் சில தடவை அத்தானுக்குப் பக்கத்தில்தான் பறக்க வேண்டும். "முதல் நாலஞ்சு தடவை தப்பிச்சுட்டா, அப்புறம் கண்ணு தானா கத்துக்கும்" என்பார் அத்தான். அவரோ பழம் தின்று கொட்டை போட்டவர். நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து அவள் வாசலில் குழந்தையோடு நின்று, "எங்க ரெண்டு பேரையும் நினைச்சுக்கிட்டே பறங்க" என்று சொல்லித்தான் அனுப்புவாள். பாசம்தானே, யார் குறை சொல்ல முடியும்?

ஒரு நாள் விமானத்தின் அடிவயிறெல்லாம் ஓட்டையாகத் தரையிறங்கினார். வீட்டுக்கு வந்தும் தட்டைத் தொடவில்லை.

"என்ன ஆச்சு அத்தான்?"

"குண்டு போடக் கீழ பாஞ்சா, போட்டுட்டுத்தான் ஏறணும். இன்னிக்குப் பாதியில பாப்பா முகம் வந்துச்சு, திருப்பிட்டேன். திருப்பினா கீழ இருக்கிற பீரங்கிக்கு வயிறு முழுசாத் தெரியும். என்னைப் பார்த்துப் பக்கத்துல வந்த புது ஆளும் திருப்பிட்டான். ரெண்டு பேரும் பொழைச்சதே பெரிசு."

அக்காவின் முகம் வெளுத்தது. "தரையில வேலை கேட்டா தரமாட்டாங்களா?"

"தருவாங்க. எனக்குத்தான் கேக்க மனசில்ல. போனா முழுசாப் போகணும். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் அங்க ஆகாது."

எனக்குப் பொல்லாத கோபம். அழுதாவது தடுத்துவிடு என்று சமையலறையில் அக்காவை நச்சரித்தேன். அவள் என்னை வெங்காயம் உரிக்கச் சொன்னாள்.

மறுநாள் காலையில் குழந்தையை உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள். அத்தானின் சட்டைப்பையிலிருந்த குழந்தையின் படத்தையும் எடுத்துக்கொண்டாள். "போய் வேலையைப் பாருங்க" என்றாள், அவ்வளவுதான். வண்டிச் சத்தம் தேய்ந்ததும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் அத்தான் வந்தார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டவர்போல் நின்றார்.

"இன்னிக்கு ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் உங்க ஞாபகமே வரல."

அக்கா சிரித்தாள். குழந்தை பிறந்த அன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நாளைக்கும் மறந்துடுங்க" என்றாள்.