பழுது இல்லாத பெஞ்சு

என் அக்கா வீட்டுக்காரருக்கு இந்த நகரத்தில் தெரியாத மூலை கிடையாது. நான் மாமா என்று கூப்பிடும் அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி உயர்ந்த இடத்திலெல்லாம் அவருக்கு வேலை உண்டு. வேலை உள்ள இடத்துக்குப் பக்கத்தில் எங்காவது அரை மணி நேரம் கண்ணை மூட ஓர் இடமும் கண்டுபிடித்து வைத்திருப்பார்.

எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். அங்கியும் தொப்பியும் போட்டு எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டுதான் வேலை தேடி நகரத்தில் வந்து இறங்கினேன். அக்கா வீட்டில் அதை மாட்டச் சுவர் இல்லை. ஒரே அறை. அதில் அக்கா, மாமா, மூன்று பிள்ளைகள், ரேடியோவை அலறவிட்டுக் கேட்கும் மாமாவின் அப்பா, ஒரு தையல் மெஷின். ஏழாவது ஆளாக நான். படம் அரிசி டின்மேல் குடியேறியது. ஒவ்வொரு வேளையும் அக்கா என்னைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டுத்தான் அரிசி எடுப்பாள்.

அந்த வீட்டில் ஒருவர் காலை நீட்ட வேண்டுமென்றால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டும். பெரும்பாலும் எழுந்து நிற்பது அக்காதான். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது தையல் மெஷினுக்கு முன்னால் மட்டும்தான். அப்போதும் காலுக்கு ஓய்வில்லை, மிதித்துக்கொண்டே இருக்கும்.

நேர்முகத் தேர்வுக்குப் படிக்க இடமில்லாமல் நான் வாசல் படியில் குந்தியிருந்ததைப் பார்த்து மாமாவுக்கே பொறுக்கவில்லை. ஒரு நாள் கூடவே வரச் சொன்னார். அவர் எனக்குக் காட்டிய நகரம் எந்தச் சுற்றுலாப் படத்திலும் இல்லாதது.

ஒரு காப்பீட்டு நிறுவனக் கட்டிடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் ஓடும் அறை இருந்தது. மோட்டார் சுற்றும்போது தரை மெல்ல அதிரும். கீழே எவனோ நாலாவது மாடிக்குப் போக, மேலே மாமாவுக்குத் தாலாட்டு. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டவர்களை உட்கார வைக்கும் கூடம் இன்னொன்று. அங்கே கண்ணைத் திறந்தால்தான் திட்டு. பட்டப்பகலில் தூங்குகிறவனை நல்ல நோயாளி என்று பாராட்டும் இடம் ஊரிலேயே அது ஒன்றுதான். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, விட்டுப்போன ஆள் என்று நினைத்து, தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் இமையைப் பிரித்து மருந்தை விட்டுவிட்டாள். அன்று சுவரைத் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தவர், வெல்டிங் நெருப்பைப் பார்த்துவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னார். அவள் ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றியபடி, இப்படி ஓடாகத் தேய்கிறாரே மனுஷன் என்று மூக்கைச் சிந்தினாள். எனக்குத் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

மரச்சாமான் கடையில் ஒரு சோபா இருந்தது. மாமா டேப்பை எடுத்து அதன் நீளத்தை அளப்பார், உட்கார்ந்து யோசிப்பார், மறுபடி அளப்பார். விற்பனையாளருக்கு அவர்மேல் நம்பிக்கை வளர்ந்துகொண்டே போனது. ஒரு நாள் வேறு யாரோ அளக்காமலே வாங்கிவிட்டார்கள். மாமா கூடவே நின்று, ஒரு பக்கம் கைகொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டு வந்தார். ரெண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவையெல்லாம் சின்ன வீடு மாதிரி. பட்டத்து ராணி அந்தப் பெஞ்சுதான்.

இரண்டு பெரிய அலுவலகக் கட்டிடங்களுக்கு நடுவில், இரண்டு கட்டிடக்காரர்களுமே தங்களுடையது இல்லை என்று விட்டுவிட்ட ஒரு சந்து. அதில் ஒரு மரம், ஒரு விளக்குக் கம்பம், ஓர் இரும்புப் பெஞ்சு. வெளியே தார் உருகும் வெயிலிலும் அந்தச் சந்தில் காற்று வரும். கட்டிடங்கள் இரண்டும் சேர்ந்து விசிறுவதுபோல் இருக்கும். மதியத்தில் அலுவலகக்காரர்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் குறை. அதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார்.

லிஃப்ட் வேலையில் ஒரு மஞ்சள் தகரப் பலகை உண்டு. ‘பழுது பார்க்கப்படுகிறது. இயக்காதீர்’ என்று எழுதி, அடியில் கம்பெனி பெயர் இருக்கும். குழிக்குள் இறங்கும்முன் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்வரை கடவுளே வந்தாலும் தொடக்கூடாது. மாமாவோடு வேலை பார்த்த ஒருவரின் இடுப்பு, யாரோ அவசரப்பட்டுப் பலகையைக் கழற்றியதால் போனது. அன்றிலிருந்து மாமாவுக்கு அது வேத வாக்கு.

அந்தப் பலகையைத்தான் பெஞ்சில் மாட்டுவார். பக்கத்தில் கருவிப் பையைத் திறந்து வைப்பார். ஒரு திருப்புளியைக் கையில் பிடித்தபடி தூங்குவார். பெஞ்சை எதற்கு இயக்குவார்கள், எதற்கு இயக்கக்கூடாது என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ஜனங்கள் பலகையைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். இதில் மாமாவுக்கு மனசாட்சி உறுத்தவே இல்லை. “உள்ள ஆள் இருக்கேன்ல, அப்ப பலகை மாட்டுறதுதானே முறை?” என்று என்னையே மடக்கினார்.

ஒரு நாள் மதியம் எங்கோ லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டார்கள் என்று போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பலகையை விட்டுவிட்டார். மறுநாளே கம்பெனி அவரை ஊரின் மறுகோடியில் புதுக் கட்டிட வேலைக்கு அனுப்பியது. அது முடிந்து அவர் திரும்பி வந்த அன்று நானும் கூட இருந்தேன். பெஞ்சைப் பார்த்ததும் மாமா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

பெஞ்சைச் சுற்றிக் கயிறு. மஞ்சள் பலகைக்கு மேலே பூங்காத் துறையின் பச்சைப் பலகை. அதற்கும் மேலே விளக்குத் துறையின் சிவப்புப் பலகை. மாமாவின் சங்கிலிக்குள் அவர்கள் தங்கள் சங்கிலிகளை விட்டு, ஆளுக்கொரு பூட்டும் போட்டிருந்தார்கள். அவர்களுடையதைக் கழற்றாமல் மாமாவின் பலகை வராது.

கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார வேண்டியதுதானே, பூட்டு ரெண்டையும் உடைத்தால் முடிந்தது என்று நான் சொன்னேன். மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் பட்டம் வாங்கியதற்காக அந்தப் பல்கலைக்கழகத்தையே சபிப்பதுபோல் இருந்தது.

“அடுத்தவன் பலகைடா அது. உள்ள ஆள் இருந்தா?”

“எங்க மாமா உள்ள? வெறும் பெஞ்சு. நாலு பக்கமும் தெரியுது.”

“பலகை இருக்குல்ல. அப்ப ஆள் இருக்கான்னுதான் அர்த்தம்.”

பூங்காக்காரரைத் தேடிப் பிடித்தோம். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்ன பழுது என்று தனக்குத் தெரியாது, மஞ்சள் பலகை தொங்கியது, பெஞ்சு தன் துறையுடையது, தன் பலகை இல்லாவிட்டால் தன்னைத்தானே கேட்பார்கள் என்று மாட்டியதாகச் சொன்னார். கழற்றுவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கரண்டு விஷயம், விளக்குக்காரர் முதலில் கழற்றட்டும் என்றார். விளக்குக்காரர் ஏணிமேல் இருந்தார். ரெண்டு பலகை தொங்கும் இடத்தில் தன் கம்பம் நிற்கும்போது சும்மா இருக்க முடியுமா என்றார். பூங்காக்காரர் கழற்றாமல் தான் எப்படிக் கழற்றுவது என்றும் கேட்டார். கடைசியில் ரெண்டு பேரும் ஒரே மாதிரி முடித்தார்கள்: முதலில் மஞ்சள் பலகை மாட்டிய ஆள் வந்து பழுது என்ன என்று சொல்லட்டும்.

மாமா வாயைத் திறக்கவில்லை.

திறக்க வேண்டிய நாள் தானாக வந்தது. பலகையில் கம்பெனி பெயர் இருந்ததால் நகராட்சியின் பாதுகாப்பு அதிகாரி கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். தான் நேரில் வருவதாகவும், லிஃப்ட் பலகை பெஞ்சில் எதற்கு என்று மாட்டிய ஆள் விளக்க வேண்டும் என்றும் உத்தரவு. பழுதைக் காட்ட முடியாவிட்டால் வேலையை மறந்துவிடு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். முன்தினம் மாமா அந்தப் பெஞ்சின் ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்த்தார். ஊரிலேயே நன்றாகச் செய்த பெஞ்சு அதுவாகத்தான் இருக்கும். ஒரு ஆணிகூடத் தளரவில்லை. வேண்டுமென்றே ஒன்றைத் தளர்த்தலாமே என்று நான் யோசனை சொன்னேன். நல்லா இருக்கிற பொருளைக் கெடுக்கிற கை தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். படுத்த இடத்துக்கு அவ்வளவு விசுவாசம்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். பூங்காக்காரரும் விளக்குக்காரரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். எங்கள் தரப்பில் மாமாவும், பேச ஒரு படித்த ஆள் வேண்டுமென்று இஸ்திரிச் சட்டையோடு நானும். அதிகாரி பெஞ்சைக் குலுக்கிப் பார்த்தார். குனிந்து கீழே பார்த்தார். பெஞ்சு ஆடுகிறது என்று மாமா இழுத்ததும், மூன்று பேரும் பெஞ்சின் கையைப் பிடித்து இடம் வலமாக அசைத்தார்கள். அவர்கள்தான் ஆடினார்கள், பெஞ்சு அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்து நின்றாள்.

சூப்பர்வைசர் வீட்டுக்கும் போன் போட்டு, உங்கள் வீட்டுக்காரர் சந்துப் பெஞ்சில் பலகை மாட்டிவிட்டுத் தூங்கினார் போலிருக்கிறது, வேலை போகப்போகிறது என்று தகவலும் இடமும் சொல்லியிருக்கிறார். கழுத்தில் அளவு டேப், புடவையில் நூல் துண்டுகள், முகத்தில் அடுப்பு அனல். ஓட்டமும் நடையுமாக வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. கயிற்றைத் தூக்கி நுழைந்து, யாரும் தடுக்கும்முன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“என்னது, இங்க வந்து தூங்குவீங்களா? நான் அங்க மெஷின் மிதிச்சுச் சாகுறேன், நீங்க காத்து வாங்குறீங்களா?”

மாமா ஏதோ சொல்ல வந்தார்.

“வாயத் தொறக்காதீங்க. கண்ணுல வெல்டிங் நெருப்பாம். ராத்திரி முழுக்க நான் ஒத்தி ஒத்தி...” திரும்பி என்னையும் பிடித்துக்கொண்டாள். “உனக்கும் தெரியுமாடா? படிச்சிருக்கியே, ஒரு வார்த்த சொன்னியா? வீட்டுக்கு வாங்க ரெண்டு பேரும். இன்னைக்கு...”

இன்னைக்கு என்ன என்பது இதுவரை எங்களுக்குத் தெரியாது. சந்தில் அந்தக் காற்று வந்தது. அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். சாய்ந்தாள். “இன்னைக்கு வந்து...” என்று மறுபடி தொடங்கினாள். குரல் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி இறங்கியது. திட்டிக்கொண்டே தூங்கிப்போனாள். சுட்டு விரல் மட்டும் மாமாவை நோக்கி நீட்டியபடியே இருந்தது.

நாங்கள் ஐந்து பேரும் அசையாமல் நின்றோம். முதலில் சுதாரித்தவர் அதிகாரி. அந்த அம்மாவை எழுப்பச் சொன்னார். தான் சோதனையை முடித்துவிட்டதாகவும், பழுது இல்லாத இடத்தில் பலகை எதற்கு, உடனே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

மாமா நிமிர்ந்தார். அவரை அத்தனை உயரமாக நான் பார்த்ததில்லை.

“கழற்ற முடியாது சார். உள்ள ஆள் இருக்காங்க.”

அதிகாரி பெஞ்சைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பாதுகாப்புத் துறையில் தலை நரைத்த மனிதர். அந்த விதியை மட்டும் அவரால் தாண்ட முடியவில்லை. தானாகவே குரலைத் தாழ்த்தினார்.

“அதெல்லாம் சரி. பழுது என்னன்னு சொல்லலியே.”

“இதோ நீங்களே பார்க்குறீங்களே சார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இருக்குற பழுது. நான்தான் கவனிக்கல.”

பூங்காக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று அதிகாரி கிசுகிசுத்தார். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று மாமாவும் கிசுகிசுத்தார். லிஃப்ட் கம்பெனியின் பலகை முறைப்படிதான் மாட்டப்பட்டிருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் தானே சொல்லிவிடுவதாக அதிகாரி தலையசைத்தார். பழுது தங்கள் துறையைச் சேர்ந்ததில்லை என்று தெளிவானதும் பூங்காக்காரருக்கும் விளக்குக்காரருக்கும் பெரிய நிம்மதி. ஒருவருக்காக மற்றவர் காத்திருக்காமல், ஒரே நேரத்தில் பூட்டைத் திறந்து, சங்கிலி சத்தம் போடாமல் கையில் சுருட்டிக்கொண்டு, நுனிக்காலில் போனார்கள். மஞ்சள் பலகை மட்டும் மிஞ்சியது.

மாமா கருவிப் பையைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மதியம் சாப்பாட்டுப் பெட்டிக்காரர்கள் வந்து, பலகையைப் படித்து, அக்காவைப் பார்த்து, வந்த வழியே திரும்பினார்கள்.

வெயில் சாய்ந்தபோது அக்கா கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீட்டிய விரலை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

“வேலை போயிடுச்சா?”

“இல்ல. வேலை இன்னும் இருக்கு,” என்றார் மாமா பலகையைத் தட்டி. “ஒரு நாள்ல முடியுற பழுது இல்ல. நாளைக்கும் நீ வரணும்.”

அக்கா காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி யோசித்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும், கிழவருக்குச் சாப்பாடு போட வேண்டும், தைத்துக் கொடுக்க வேண்டியது குவிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஓடியது. அப்புறம் பார்வை என் இஸ்திரிச் சட்டையில் வந்து நின்றது.

“நாளைக்கு இவன் சோறு வடிக்கட்டும்.”

இப்போது அரிசி எடுக்கும்போதெல்லாம் என்னை நானே குப்புறப் படுக்க வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.