கை ஓங்கும் முன்னே ஒரு மூச்சு

என் கோவத்துக்கு என் பொண்ணே அடி வாங்கினா. எண்பத்திரெண்டாம் வருஷம், ஆடி மாசம். ஜெயங்கொண்டத்துல முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை எனக்கு. கொட்டைப் பால் பட்டு கை வெந்து வூட்டுக்கு வந்தா, புள்ள வடிச்ச சோறு குழைஞ்சு கெடந்துச்சு. ஒன்பது வயசு செல்வியை தோசைக்கரண்டியால அடிச்சுட்டேன். மணிக்கட்டு வீங்கிப்போச்சு. பாவி நான்!

அதுக்கப்புறம் கொண்டை போட நான் கையைத் தூக்கினாலே, புள்ள தலையைக் குனிஞ்சுக்குவா. அதைப் பார்த்து உள்ளுக்குள்ள செத்தேன். "முருகா, இந்தக் கோவத்தை எடு, இல்லன்னா என்னை எடு"ன்னு அழுதேன்.

ஊர்ல செவ்வாக்கிழமைதோறும் நடக்கிற தியான வகுப்புக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா, "மனசு ஓடும்மா. நீங்க மூச்சைப் பிடிச்சுக்கங்க"ன்னாங்க. நானும் வூட்டுல தினமும் மூச்சை அடக்கி, கண்ணு பிதுங்க உக்காந்தேன். நாலாம் நாள் விலாவுல மூச்சுப்பிடிப்பு! நிமிர முடியல.

அடுத்த வாரம் போய்ச் சொன்னதும் டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கல. "அடக் கடவுளே! பிடிச்சுக்கங்கன்னா, விடாம கவனிங்கன்னு சொன்னேன். அது பாட்டுக்கு வரட்டும், போவட்டும்."

மூச்சோட மட்டுமில்ல, மனசோடயும் நான் மல்லுக்கட்டிக்கிட்டுதான் இருந்தேன்னு அன்னிக்குப் புரிஞ்சுச்சு. தியானத்தை விடறதில்லன்னு முடிவு பண்ணேன். விடியக்காலம் எழுந்து தினமும் உக்காந்தேன். மனசு வேலை செய்யற கொட்டகைக்கு ஓடும், சண்டைக்கு ஓடும். ஓடட்டும்னு திரும்ப மூச்சுக்கு வருவேன். வேண்டுதலையும் மாத்திக்கிட்டேன்: "முருகா, கை ஓங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மூச்சைக் காட்டு."

தை மாசம். ரேஷன்ல கால்கடுக்க நின்னு வாங்கின மண்ணெண்ணெயை செல்வி தட்டிவிட்டுட்டா. எனக்குத் தலை கொதிச்சுச்சு. கை மேல போயிருச்சு. அப்பதான் அந்த மூச்சு தெரிஞ்சுது. உள்ள வந்துச்சு, வெளிய போச்சு. கை தானா இறங்குச்சு. "சாக்கை எடுத்துட்டு வா, துடைப்போம்"னேன். என் குரலான்னு எனக்கே சந்தேகம்!

பங்குனியில ஒருநாள் வேலைவிட்டு வரேன். செல்வி தெருமுனைக்கே ஓடி வந்து நின்னா. "அம்மா, கண்ணாடியை நான்தான் ஒடைச்சேன்." ஒளியல. பக்கத்து வூட்டுப் புள்ளைங்க மேல பழி போடல. என் மூஞ்சியைப் பார்த்தே சொன்னா. நடுத்தெருவுல அவளைக் கட்டிக்கிட்டு அழுதேன். முருகன் எனக்குப் பதில் சொன்னது அவ வாயாலதான்.

இப்பவும் கோவம் வருது. பொய் சொல்ல மாட்டேன். தினமும் உக்காருறேன், சாகுற வரைக்கும் உக்காருவேன். என்னைப்போல கை ஓங்குறவங்க யாராச்சும் இருந்தா, பெரிசா எதுவும் கேக்காதீங்க. ஒரு மூச்சு கேளுங்க. முருகன் தருவான். உங்க புள்ளைங்க உங்ககிட்ட பயமில்லாம உண்மையைச் சொல்லும்.