யாரோ தேர்ந்தெடுத்த நிறம்

அந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு என் கணவர் மனு போட்டிருக்கிறார் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஷோரூமிலிருந்து பேசிய ஒரு பெண்தான் சொன்னாள்.

"சார் போன் எடுக்கல மேடம். அவரைப் பத்தின விவரமெல்லாம் கம்பெனிக்கு அனுப்பணும். இப்ப சார்கிட்ட என்னென்ன கார் இருக்கு?"

வாசலில் நிற்கும் பழைய டீசல் வண்டியைச் சொன்னேன்.

"வேற?"

"வேற எதுவும் இல்லம்மா."

"பரவாயில்லை மேடம்" என்றாள். உடம்பு சரியில்லாதவரின் வீட்டில் பேசுகிற குரல் அது.

நான் ஆவடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவருடைய குடும்பம் மேனாம்பேட்டில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் அடுக்குமாடி ஆன பிறகு, இவர் மட்டும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஒரு லேத்தோடு பட்டறை ஆரம்பித்து, இன்று பெரிய கம்பெனிகளுக்குப் பற்சக்கரம் செய்து கொடுக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான்.

அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்டார். "இன்னா டீச்சர், ஷோரூம்ல இருந்து போன் வந்துச்சாமே?"

"வந்துச்சு. நமக்கு எதுக்குங்க அந்த வண்டி? அதுல ரெண்டு பேர்தான் உட்கார முடியுமாம்."

"நாம ரெண்டு பேர்தானே கீறோம்?"

மகள் கல்யாணமாகி வெளிநாடு போனதிலிருந்து அது உண்மைதான். இருந்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. சாதம் போடும்போது கரண்டி சத்தமாகவே விழுந்தது.

பணம் இருந்தால் வாங்கிவிடக்கூடிய வண்டி அல்ல அது என்று பிறகுதான் புரிந்தது. உலகம் முழுவதற்குமே கொஞ்சம் வண்டிகள்தான் செய்வார்களாம். யாருக்குக் கொடுப்பது என்று கம்பெனியே உட்கார்ந்து முடிவு செய்யுமாம். அதே கம்பெனியின் மற்ற வண்டிகளை ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத்தான் முதல் இடம். அந்தப் பெண் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். முதலில் வேறு ஒரு மாடலை எடுத்தால் வாய்ப்பு கூடும் என்றாள்.

"எனக்கு வோணும்னு தோணுனது அது ஒண்ணுதான்மா. வேற ஒண்ணை வாங்கி ஊட்ல நிறுத்திகினு நான் இன்னா பண்றது?" என்றார் இவர்.

'இந்த வண்டி உங்களுக்கு ஏன் வேண்டும்?' என்று மனுவில் ஒரு கேள்வி. அவள் போனில் படித்துக் காட்ட, இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தார். எனக்கும் அந்தப் பதில் தேவையாக இருந்தது. கையில் இருந்த வாழைக்காயை நறுக்காமல் காத்திருந்தேன்.

"ஆசையா கீதும்மா" என்றார்.

"அதோட இன்னும் ஏதாவது சேர்த்து எழுதலாமா சார்?"

"அதுக்கு மேல இன்னா கீது எழுத?"

சில மாதம் கழித்து, இல்லை என்று பதில் வந்தது. அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் நகரத்திலிருந்து மேனாம்பேடு வரை ஸ்கூட்டியில் வந்தாள். அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தோம். எங்கள் மகளை விடச் சின்னவள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "சாரி சார், நான் ரொம்ப முயற்சி பண்ணேன்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இவர் பதறிப்போனார். "அட, இதுக்குப் போய் அழுவியா? வண்டிதானேமா? டீச்சர், காபி கொண்டா. இவ்ளோ தூரம் வெயில்ல வந்துகீது பொண்ணு" என்றார். அவளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பி வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போனவர் இருட்டும் வரை இறங்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயில் போகும் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் கேட்கமாட்டார். கேட்ட ஒன்று கிடைக்கவில்லை. அன்றோடு என் கோபம் போயிற்று.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு நாள் அவளிடமிருந்து போன். எந்த நாட்டிலோ ஒருவர் தனக்கு ஒதுக்கிய வண்டி வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த இடம் இவருக்கு வந்திருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். வண்டிக்கு நிறம், உள்ளே தோல், தையல் எல்லாம் அவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்தாயிற்று. இனி மாற்ற முடியாது.

"இன்னா கலரும்மா?"

அவள் படம் அனுப்பினாள். கத்திரிப்பூ நிறம். இவர் மனதில் இருந்தது பளீரென்ற மஞ்சள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, கீழே இறக்கி, பல தடவை பார்த்தார். பிறகு அவர் கேட்டது நிறத்தைப் பற்றி அல்ல.

"அந்த ஆளு ஏன் வோணாம்னு சொன்னாரு?"

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்லமாட்டாங்க சார்."

"கலர் நூல் வரைக்கும் பாத்துப் பாத்து எடுத்துகீறாரு. அப்புறம் வோணாம்னா? உடம்புக்கு ஏதாவது ஆயிருக்குமோ?"

கையெழுத்துப் போடுவதற்கு முன், அதே உயரத்தில் இருக்கும் வேறு ஒரு வண்டியில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். இருவரும் போனோம். தரையோடு தரையாகக் கிடந்தது வண்டி. இவர் கனத்த உடம்பு. முழங்கால் தேய்ந்து வருஷமாகிறது. ஒரு காலை உள்ளே விட்டு, பின்பக்கத்தைத் தள்ளி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ஸ்டியரிங்கில் கை வைத்ததும் முகம் அப்படி மலர்ந்தது.

இறங்கத்தான் முடியவில்லை. கதவைப் பிடித்தார், கூரையைப் பிடித்தார், மறுபடி சீட்டிலேயே விழுந்தார். ஷோரூம் பையன்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை ஊன்றி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். வெளியே வந்தவர் என் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

வீடு திரும்பும் வழியில், பாடி மேம்பாலம் தாண்டியதும், "வோணாம்னு சொல்லிடலாம் டீச்சர். நானும் விட்டா, எனுக்குப் பின்னாடி கீறவனுக்குப் போவும்" என்றார்.

"சும்மா இருங்க" என்றேன். "வண்டி வர இன்னும் மாசக்கணக்கு இருக்கு. கால்தானே? சரி பண்ணலாம்."

சொன்ன பிறகுதான் நான் யார் பக்கம் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

மறுவாரமே அம்பத்தூரில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடை. வந்ததும் கூடத்தில் மணையைப் போட்டு, உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சி. முதலில் என் கையைப் பிடித்து, பிறகு நாற்காலியைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல். வகுப்பில் மக்குப் பிள்ளையை விரட்டுவது போல விரட்டினேன். "டீச்சரைக் கட்டிகினது தப்பாப் போச்சு" என்று முனகிக்கொண்டே செய்வார். நெய்யை நிறுத்தினேன். இரவில் சப்பாத்திதான். பேன்ட்டெல்லாம் தொளதொளவென்று ஆகி, டெய்லரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று.

வண்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை. ரோடு போட்டுப் போட்டு எங்கள் வாசல் பள்ளத்தில் போய்விட்டது. இறங்கினால் வண்டியின் மூக்கு தரையில் இடிக்கும். பூந்தமல்லியில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் இவருடைய நெடுநாள் சிநேகிதர். பைபாஸ் ஓரத்தில் சமதளமாக அவருக்கு ஒரு குடோன் உண்டு. "நம்ம குடோன்ல நிறுத்திக்க நைனா. நான் பாத்துக்கறேன்" என்று ஒரு மூலையைக் காலி செய்து, பெருக்கி, விளக்கும் போட்டுக் கொடுத்தார்.

வண்டி லாரியில் வந்து இறங்கியது. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். உறையை உருவினார்கள். படத்தில் கண்ட நிறம் அல்ல. வெயில் பட்ட இடத்தில் கத்திரிப்பூ, நிழலில் ஏறக்குறைய கறுப்பு. உள்ளே இருக்கைகளில் வெளிர் மஞ்சள் நூலால் தையல். பாய் இருக்கையின் தோலை விரலால் நீவிப் பார்த்து, "நல்ல சரக்கு. எடுத்தவருக்கு ரசனை கீது" என்றார்.

இவர் உள்ளே உட்கார்ந்தார். காலை வெளியே ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து நின்றார். யாருக்கும் அதில் விசேஷமாக எதுவும் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் கைதட்டத் தோன்றியது.

பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "இதை ஒரு போட்டோ எடும்மா. அந்த ஆளுக்கு அனுப்ப முடியுமா? அவரு எடுத்த கலரு நல்லா கீதுன்னு சொல்லணும்."

அவள் கேட்டுப் பார்த்தாள். கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அதில் இவருக்கு இன்றுவரை வருத்தம்தான்.

முதல் ஞாயிறு காலையில் இருவரும் கிளம்பினோம். பைபாஸில் மாட்டு வண்டி போலத்தான் ஓட்டினார். ஒரு பால் வேன்கூட எங்களைத் தாண்டிப்போனது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாலை காலியாக இருந்தது. "டீச்சர், பிடிச்சிக்க" என்றார். முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்தியது போல இருந்தது. அவ்வளவு சத்தமாக நான் கத்தியதும் இல்லை, சிரித்ததும் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு, "பசிக்குதா?" என்றார்.

இப்போது மாதத்தில் இரண்டொரு ஞாயிறு எடுக்கிறார். சில நாள் நான் கூடப் போவேன். சில நாள் தனியாகப் போய்விட்டு, பாயோடு ஒரு டீ குடித்துவிட்டு வருவார். எங்கே போனார், என்ன வேகம் என்றெல்லாம் நான் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தால் போதும், தோசைக்கல்லைப் போட்டுவிடுவேன்.