தங்கச்சிக்கு எடுத்த கோடி

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நாக்கு எழாது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஒரே ஒரு கதைதான் சொல்வார்கள். அது பொய். அதை அப்படியே விட்டுவிட்டுச் சாக எனக்கு மனமில்லை.

முத்துக்குளிக்க இறங்குகிறவரின் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவர் அவருடைய மச்சானாகத்தான் இருப்பார். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க அவர் விடமாட்டார் என்ற நம்பிக்கை. தாத்தாவும் தன் தங்கையின் கணவருக்கு அப்படித்தான் பிடித்தார். ஒருநாள் கீழே போனவர் மேலே வரவில்லை. தாத்தா கயிற்றை விட்டுவிட்டார் என்பதுதான் கதை. அதன்பிறகு திரேஸ்புரத்தில் அவருக்குப் பெயரே 'கயிறு விட்டவன்'. அடுத்த தெருவில் இருந்த தங்கை அவர் முகத்தில் விழிக்கவில்லை. ஒரு சண்டையில் நானும் தாத்தா முகத்துக்கு நேரே அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அந்தத் தங்கை இறந்துபோனார். செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன்தான் போட வேண்டும். தாத்தா ஊதா நிறத்தில் ஒரு சேலை எடுத்தார். "இதையாவது போட்டு அனுப்பிரணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவும் நானும் கூடப் போனோம்; சேலைத் தட்டு என் கையில் இருந்தது.

வாசலிலேயே தங்கையின் மூத்த மகன் மறித்தார்.

"கயிறு விட்ட கையால எங்கம்மைக்குக் கோடியா? திரும்பிப் போயிரும் மாமா."

"ஒரு தடவ முகத்தப் பாத்துட்டுப் போயிருதேன்லே."

"எங்கய்யா முகத்தக் கடைசியா யாரு பாத்தா? மீனுதான் பாத்துச்சு."

அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"கயிறு இத்துப்போச்சுன்னு அன்னைக்குக் காலையிலயே எங்கய்யா படகு முதலாளிகிட்ட சொன்னாரா இல்லையா? இன்னைக்கு ஒருநா ஓட்டுன்னு முதலாளிதான சொன்னாரு? கயிறு அத்துப்போச்சு அத்தான், அவரு விடல. அத வெளிய சொன்னா முதலாளி ஒங்களத் திரும்பிப் பாக்கமாட்டாருன்னுதான் எங்கய்யா வாயத் தொறக்கல. அந்த முதலாளி ஐஸ் கம்பெனில வேல பாத்துதான நீரு ஆளானீரு?"

"ஏளா, வாய மூடு. செத்த வீடு" என்றார் தாத்தா.

நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஆச்சரியமில்லை. மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அதே படகில் துடுப்புத் தண்டு வலித்த பெரியவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்தேதான் இத்தனை வருடமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள்.

இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. தாத்தா மேலும் கோபம்தான். யாருக்காக வாயை மூடினாரோ அவர்களே வாசலை மறித்தபோதும் அவர் அதட்டியது அம்மாவைத்தான்.

மறுநாள் அடக்கத்துக்குத் தருவைகுளத்திலிருந்து தங்கைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையான ஒருவரை வரவழைத்துக் கோடி போட வைத்தார்கள். தாத்தா தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.